செங்கல்பட்டு மழைக்கும் பெரு நாட்டுக் கடலுக்கும் என்ன தொடர்பு? முடிச்சைக் கண்டுபிடித்த கில்பர்ட் வாக்கரின் கதை

செப்டம்பர் கடைசியிலேயே கேள்வி ஆரம்பித்துவிடும். இந்த வருஷம் எல் நினோவா, லா நினாவா? முடிச்சூரில் வீடு வாங்கியவர், மாமல்லபுரம் பக்கத்தில் கடலுக்குப் போகும் மீனவர், மதுராந்தகம் ஏரித் தண்ணீரை நம்பி நாற்று விடும் விவசாயி என எல்லோருக்குமே இந்தக் கேள்வியின் பதில் தேவைப்படுகிறது.

பசிபிக் பெருங்கடல் எங்கேயோ இருக்கிறது. அங்கே தண்ணீர் சூடானால் செங்கல்பட்டில் ஏன் மழை கூடவோ குறையவோ வேண்டும்? இந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியவர் ஒரு கணித மேதை. அவர் பெயர் சர் கில்பர்ட் தாமஸ் வாக்கர். இந்திய வானிலைத் துறையின் தலைவராக 20 ஆண்டுகள் இருந்தவர். கணித மேதை ராமானுஜன் வாழ்க்கையிலும் இவருக்கு ஒரு முக்கியமான பங்கு உண்டு.

அவர் பழைய மழைப் பதிவுகளைக் கொண்டு வரப்போகும் மழையைச் சொல்ல முயன்றார். பூமி சூடாகிவரும் இந்தக் காலத்தில், பழைய பதிவுகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே பெரிய கேள்வி. அதனால்தான் அவர் கதையை இப்போ திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பஞ்சத்தோடு வளர்ந்த வானிலைத் துறை

இந்திய வானிலைத் துறை 1875-ல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே பருவமழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பெரும் பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணிக்கப்படுகிறது. சென்னை மாகாணம் மிக மோசமாக அடிவாங்கியது. செங்கல்பட்டும் தப்பவில்லை.

மாமல்லபுரத்துக்குப் பின்னால் ஓடும் பக்கிங்காம் கால்வாயைப் பார்த்திருப்பீர்கள். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் பகுதி, 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாகத்தான் வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயரே கால்வாய்க்கும் வந்தது. பசியோடு வந்தவர்களுக்கு மண் வெட்டும் வேலை கொடுத்து, அதற்குக் கூலி கொடுத்தார்கள்.

மழை பொய்க்கப்போகிறது என்பது சில மாதங்கள் முன்பே தெரிந்தால்? இந்தக் கேள்வியோடுதான் வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட் வேலை செய்தார். இமயமலையில் பனி அதிகம் விழுந்தால் அடுத்துவரும் பருவமழை குறையும் என்று அவர் கண்டார். அந்த அடிப்படையில் 1880-களில் முன்னறிவிப்புகளும் வெளியாயின.

அவருக்குப் பின் வந்தவர் ஜான் எலியட். 1899-ல் நல்ல மழை பெய்யும் என்று அவரது துறை சொன்னது. நடந்ததோ தலைகீழ். கடும் வறட்சி, மறுபடியும் பஞ்சம். துறையின் மேலிருந்த நம்பிக்கை சரிந்தது. எலியட் ஓய்வுபெறும் நேரத்தில், தனக்கு அடுத்து ஒரு கணிதக்காரர் வந்தால்தான் இது சரிப்படும் என்று முடிவெடுத்தார்.

வானிலை படிக்காத தலைவர்

வாக்கர் 1868 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ராச்டேலில் பிறந்தவர். அப்பா ஒரு இன்ஜினீயர். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் கணிதம் படித்து, 1889-ல் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம் பிடித்தார். உழைப்பு அதிகமாகி உடல்நிலை குலைந்ததால், சில குளிர்காலங்களை சுவிட்சர்லாந்தில் கழிக்க வேண்டியிருந்தது. அங்கே பனிச்சறுக்கில் ஆர்வம் வந்தது.

எறிந்தவர் கைக்கே திரும்பிவரும் பூமராங் மீதும் அவருக்கு தீராத மோகம். அது ஏன் திரும்பி வருகிறது என்று கணக்குப் போட்டு ஆய்வுக்கட்டுரையே எழுதினார். நண்பர்கள் அவரை ‘பூமராங் வாக்கர்’ என்றே கூப்பிட்டார்கள். புல்லாங்குழல் வடிவமைப்பு, இறக்கை அசைக்காமல் பறவைகள் மிதப்பது என அவர் கை வைக்காத விஷயம் குறைவு.

வானிலையியல் மட்டும் அவருக்குத் தெரியாது. இருந்தும் 1903-ல் இந்தியாவுக்கு வந்து, 1904-ல் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். தலைமையகம் அடுத்த ஆண்டே கொல்கத்தாவிலிருந்து சிம்லாவுக்கு மாறியது.

மழைக்கான காரணத்தை இயற்பியல் விதிகளிலிருந்து தொடங்கிக் கண்டுபிடிப்பது அன்றைக்கு முடியாத காரியம். வாக்கர் வேறு வழியில் போனார். உலகம் முழுவதும் இருந்து காற்றழுத்தம், வெப்பநிலை, மழை அளவு, நைல் நதி வெள்ள அளவு என்று கிடைத்த பதிவுகளை எல்லாம் சேர்த்தார். எது ஏறும்போது எது இறங்குகிறது, எத்தனை மாதம் தள்ளி இறங்குகிறது என்று ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டார்.

இன்றைக்கு ஒரு லேப்டாப்பில் சில நொடிகளில் முடியும் வேலை அது. அன்று அத்தனையும் கையால் போட்ட கணக்கு. அலுவலகத்தில் வரிசையாக உட்கார்ந்த இந்திய எழுத்தர்கள் ஆண்டுக்கணக்கில் கூட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார்கள். வாக்கரின் பெயரில் வெளியான அட்டவணைகளுக்குப் பின்னால் அவர்களின் உழைப்பு இருக்கிறது.

சென்னைத் துறைமுகத்தில் ஒரு நாள்

1913 பிப்ரவரி 25 அன்று வாக்கர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்திருந்தார். துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தன் அலுவலகக் குமாஸ்தா ஒருவர் செய்த கணக்குகளை அவரிடம் காட்டினார். அந்தக் குமாஸ்தாதான் ராமானுஜன். மாதச் சம்பளம் 30 ரூபாய்.

வாக்கருக்கு அந்தக் கணிதம் தன் துறை அல்ல என்பது தெரிந்தது. ஆனால் அதன் தரம் என்ன என்பதும் தெரிந்தது. மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். பிழைப்பைப் பற்றிய கவலை இல்லாமல் இந்த இளைஞர் சில ஆண்டுகள் கணிதத்தில் மட்டும் ஈடுபட உதவ வேண்டும் என்பது அதன் சாரம். பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அடுத்த ஆண்டு ராமானுஜன் கப்பல் ஏறிச் சேர்ந்தது, வாக்கர் படித்த அதே டிரினிட்டி கல்லூரியில்.

கடலுக்கு மேலே ஒரு தராசு

ஆண்டுக்கணக்கில் போட்ட கணக்குகளிலிருந்து மெல்ல ஒரு உருவம் தெரிந்தது. பசிபிக் பெருங்கடல் பக்கம் காற்றழுத்தம் கூடும்போது, இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியா, இந்தோனேசியா பக்கமும் குறைகிறது. அங்கே குறைந்தால் இங்கே கூடுகிறது. தராசின் இரண்டு தட்டுகள் மாதிரி. இந்த ஊசலாட்டத்துக்கு ‘தென் அலைவு’ என்று 1924-ல் வாக்கர் பெயர் வைத்தார். இந்தியப் பருவமழை இதோடு பின்னிப் பிணைந்திருக்கிறது என்றும் காட்டினார்.

அந்த ஆண்டே ஓய்வுபெற்று லண்டன் திரும்பினார். சர் பட்டம் கிடைத்தது. இம்பீரியல் கல்லூரியில் 1934 வரை வானிலையியல் பேராசிரியராக இருந்தார்.

தராசை அசைப்பது எது என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. 1958 நவம்பர் 4 அன்று, 90 வயதில் அவர் இறந்தபோதும் அந்தக் கேள்வி திறந்தே இருந்தது. 1969-ல் ஜேக்கப் பியர்க்னஸ் என்ற வானிலையியலாளர் விடையைக் கொடுத்தார். பெரு நாட்டு மீனவர்கள் தலைமுறைகளாக எல் நினோ என்று அழைத்துவந்த கடல் சூடாகும் நிகழ்வும், வாக்கரின் தராசும் ஒரே விஷயத்தின் இரண்டு முகங்கள். கடல் காற்றை மாற்றுகிறது, காற்று கடலை மாற்றுகிறது. பசிபிக்குக்கு மேலே கிழக்கு மேற்காகச் சுழலும் அந்தக் காற்றோட்டத்துக்கு பியர்க்னஸ் வைத்த பெயர் ‘வாக்கர் சுழற்சி’.

எல் நினோ என்றால் இங்கே ஏன் மழை?

இங்கேதான் பலருக்கும் குழப்பம் வரும். எல் நினோ வந்தால் இந்தியாவில் மழை குறையும் என்பார்கள். அது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழைக்கு.

செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் கொடுப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. அதன் கணக்கு வேறு. எல் நினோ காலத்தில் இந்தோனேசியா பக்கம் காற்றழுத்தம் கூடும். அங்கிருந்து வங்கக்கடலைத் தாண்டி வரும் ஈரமான கிழக்குக் காற்று வலுக்கும். அது நேராக வந்து முட்டுவது தமிழகக் கடற்கரையில். அதனால் எல் நினோ ஆண்டுகளில் இங்கே மழை கூடும் வாய்ப்பு அதிகம். லா நினா ஆண்டுகளில் குறையும் வாய்ப்பு அதிகம்.

2015-ல் வலுவான எல் நினோ. நாடு முழுக்க தென்மேற்குப் பருவமழை 14% குறைந்தது. அதே ஆண்டு டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரை உடைத்து முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் போனது. அடுத்த ஆண்டு எல் நினோ மறைந்தது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62% குறைவு. ஒரு வருஷ இடைவெளியில் வெள்ளமும் வறட்சியும்.

காலநிலை மாறுகிறதா? அவரே கேட்ட கேள்வி

சுவாரசியமான ஒரு விஷயம். இந்தியாவின் காலநிலை மாறிவிட்டதா என்று 1910-லேயே வாக்கர் ஓர் ஆய்வு வெளியிட்டார். 19-ம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மழை அடிக்கடி ஏமாற்றியதால், மனிதர்கள் செய்த ஏதோ ஒன்றுதான் மழையைக் கெடுத்துவிட்டது என்ற சந்தேகம் அன்று பரவலாக இருந்தது. வாக்கர் பதிவுகளை அலசினார். நிரந்தரமான மாற்றம் எதற்கும் சான்று இல்லை, இது மழையின் வழக்கமான ஏற்ற இறக்கம்தான் என்ற முடிவுக்கு வந்தார்.

கையில் இருந்த தரவுகளை வைத்துப் பார்த்தால், அன்று அது நியாயமான முடிவுதான். அவரது முழு முறையும் அதே நம்பிக்கையின் மேல்தான் நின்றது. கடந்த 30, 40 ஆண்டுகளில் கடலுக்கும் மழைக்கும் இருந்த உறவு, அடுத்து வரும் ஆண்டுகளிலும் அப்படியே இருக்கும் என்பது அந்த நம்பிக்கை.

சோதனை சீக்கிரமே வந்தது. அவர் தேர்ந்தெடுத்த தொடர்புகளில் சில, காலப்போக்கில் வலுவிழந்தன. பின்னாளில் அதே துறைக்குத் தலைமை தாங்கிய சார்லஸ் நார்மண்ட், 1953-ல் இன்னொரு சிக்கலைச் சுட்டிக்காட்டினார். பருவமழைக்கு முன்னால் இருக்கும் தென் அலைவைவிட, பருவமழைக்குப் பின்னால் வரும் தென் அலைவோடுதான் மழைக்கு நெருக்கம் அதிகம். அதாவது மழையை முன்கூட்டிச் சொல்ல அது பெரிதாகக் கைகொடுக்கவில்லை. எந்த வேலைக்காக வாக்கர் இந்தியா வந்தாரோ, அதில் அவர் எதிர்பார்த்த வெற்றி கிடைக்கவில்லை. வழியில் கண்டெடுத்த தென் அலைவுதான் இன்று உலகம் முழுக்க பருவகால முன்னறிவிப்பின் அடித்தளம்.

பழைய உறவுகள் இப்போ என்ன ஆகின்றன?

1997-ல் அந்த நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று வந்தது. இந்தியாவே வறட்சிக்குத் தயாரானது. ஆனால் தென்மேற்குப் பருவமழை இயல்பாகவே பெய்தது. எல் நினோவுக்கும் தென்மேற்குப் பருவமழைக்குமான பிணைப்பு தளர்ந்திருக்கிறது என்று 1999-ல் கிருஷ்ண குமார் உள்ளிட்ட விஞ்ஞானிகள் எழுதினார்கள். 2007-ல் வெளியான மற்றொரு ஆய்வு, அதே எல் நினோவுக்கும் வடகிழக்குப் பருவமழைக்குமான பிணைப்பு இறுகியிருப்பதாகச் சொன்னது.

பிறகு வந்தது 2021. லா நினா ஆண்டு. பழைய கணக்குப்படி மழை குறைந்திருக்க வேண்டும். தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 59% அதிகம் பெய்தது. வறண்டே கிடக்கும் பாலாற்றில் வெள்ளம் ஓடியது. அடுத்த ஆண்டும் லா நினா. 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேயே கரையைக் கடந்தது.

லா நினா ஆண்டில் நல்ல மழை பெய்வது இது முதல் முறை அல்ல. இந்தியப் பெருங்கடலின் மேற்கும் கிழக்கும் எப்படிச் சூடாகின்றன, வங்கக்கடலில் எத்தனை தாழ்வு மண்டலங்கள் உருவாகின்றன என்று வேறு பல காரணங்களும் உண்டு. ஒரே ஒரு ஆண்டை வைத்து எல்லாவற்றையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டவும் முடியாது. 2015 டிசம்பர் மழையை ஆராய்ந்த சர்வதேசக் குழு ஒன்று, அந்த ஒரு நாள் மழைக்குப் புவி வெப்பமாதல் காரணம் என்று சொல்ல தெளிவான சான்று கிடைக்கவில்லை என்றே முடித்தது.

ஆனால் அடிப்படையில் மாறிவிட்ட விஷயங்கள் உண்டு. காற்று 1 டிகிரி சூடானால், அது தாங்கும் நீராவி சுமார் 7% கூடும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு கூடுகிறது. உலகக் கடல்களின் சராசரியைவிட இந்தியப் பெருங்கடல் வேகமாகச் சூடாகிவருகிறது. மத்திய இந்தியாவில் பரவலாகப் பெய்யும் அதிகனமழை நிகழ்வுகள் 1950-க்கும் 2015-க்கும் இடையே மூன்று மடங்கானதாக 2017-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

வெப்பமண்டல நாடுகள் பலவற்றுக்கும் இதே தலைவலிதான். 2019-ல் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடானபோது, கிழக்கு ஆப்பிரிக்காவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் குறுமழை பெருவெள்ளமானது. அதே நேரத்தில் ஆஸ்திரேலியா வறண்டு, காடுகள் எரிந்தன.

வாக்கர் சுழற்சியே என்ன ஆகும்? அண்மைப் பத்தாண்டுகளின் பதிவுகளில் அது வலுத்திருக்கிறது. பூமி மேலும் சூடானால் அது தளரும் என்று பல காலநிலை மாதிரிகள் சொல்கின்றன. விஞ்ஞானிகள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது.

செங்கல்பட்டுக்கு இதனால் என்ன?

எல் நினோ, லா நினா செய்திகளைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அவை வாய்ப்பைச் சொல்பவை, உத்தரவாதம் தருபவை அல்ல. லா நினா ஆண்டு என்று நம்பி வடிகாலைத் தூர்வாராமல் விட்டால், 2021 மாதிரி ஒரு வருஷம் பதில் சொல்லிவிடும். எல் நினோ ஆண்டுதானே, தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்று இருந்துவிடவும் முடியாது.

மூன்று மாத மழையின் மொத்த அளவு மட்டும் இங்கே முக்கியமில்லை. அது எத்தனை நாளில் பெய்கிறது என்பதுதான் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. 60 செ.மீ. மழை 30 நாளில் பிரிந்து பெய்தால் ஏரி நிரம்பும், கிணறு ஊறும். அதே மழை இரண்டே நாளில் கொட்டினால் வீடு மூழ்கும், மிச்சம் கடலுக்குப் போகும், கோடையில் மறுபடி தண்ணீர் லாரி வரும்.

மழையை நம்பாத தண்ணீருக்கு ஏற்கெனவே விலை கொடுக்கத் தொடங்கியாயிற்று. மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் 2013-ல் தினமும் 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. 2024-ல் அதன் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று திறக்கப்பட்டது. பெரும் மின்சாரம் குடிக்கும் அந்த ஆலைகள் சென்னையின் குழாய்களுக்கு உதவும். மதுராந்தகத்து நெல்வயலுக்கு உதவாது.

வயலுக்கு உதவக்கூடியது ஏரிகள்தான். செங்கல்பட்டு வட்டாரத்தை ஒரு காலத்தில் ஏரிகளின் மாவட்டம் என்றே சொல்வார்கள். மதுராந்தகம், கொளவாய் போன்ற பெரியவை முதல் ஊருக்கு ஊர் இருக்கும் சின்னச் சின்னவை வரை, ஒன்று நிரம்பி வழிந்தால் அடுத்ததற்குப் போகும்படி கட்டப்பட்டவை. கொட்டும் மழையைப் பிடித்து வைக்கவும், வெள்ளத்தின் வேகத்தைக் குறைக்கவும் ஒரே ஏற்பாடு. முன்னறிவிப்பு தப்பினாலும் இந்த ஏற்பாடு வேலை செய்யும். வரத்துக் கால்வாயில் வீட்டுமனை போடாமலும், உபரிநீர் போகும் வழியை அடைக்காமலும் இருந்தால் மட்டும்.

வாக்கர் காலத்தில் மழை எப்போது ஏமாற்றும் என்று தெரிந்துகொண்டால் போதும் என்று இருந்தது. இன்று அவர் கண்ட தென் அலைவோடு, செயற்கைக்கோள், கடலில் மிதக்கும் கருவிகள், சூப்பர் கம்ப்யூட்டர் எல்லாமே வானிலைத் துறையிடம் இருக்கின்றன. புயல் எங்கே கரை கடக்கும் என்று நாள்கணக்கில் முன்பே சொல்ல முடிகிறது. ஆனால் அடுத்த வடகிழக்குப் பருவமழை 62% குறையுமா, 59% கூடுமா என்று இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது. செங்கல்பட்டின் வடிகால்களும் ஏரிகளும் வீட்டுமனை அனுமதிகளும் இரண்டுக்குமே தயாராக இருக்க வேண்டியிருக்கிறது.